கிறிஸ்மஸ் நேரத்தில் என்னிடம் கேட்கிற கேள்விகள்: விசுவாசம், தேவ சித்தம், பதில் வராத ஜெபம்

நாகர்கோவில் பக்கத்துச் சபை ஒன்றில் இருபது வருஷத்துக்கும் மேலாக ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறேன். டிசம்பர் பிறந்தால் போதும், கேரல் ஒத்திகை முடிந்து பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகிற நேரத்திலும், முந்திரிக்கொத்து பிடிக்க நாலு பேர் கூடி உட்கார்ந்திருக்கிற அடுக்களையிலும் அதே கேள்விகள்தான் வருகின்றன. பிள்ளைகள் தேதியைப் பற்றிக் கேட்பார்கள். பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறு விஷயம் கேட்பார்கள்.

கேட்டவர்கள் சொன்னபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். நான் போதகர் இல்லை. வேதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்ததிலும், சொல்ல வார்த்தை கிடைக்காமல் நின்ற நாட்களிலும் எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன். வசனங்கள் நம் சபைகளில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை.

டீச்சர், பைபிள்ல டிசம்பர் 25னு எங்கயாவது போட்டிருக்கா? இல்லன்னா எதுக்குக் கொண்டாடணும்?

போடவில்லை. மத்தேயுவும் லூக்காவும் பிறப்பைச் சொல்கிறார்கள், தேதியைச் சொல்லவில்லை. டிசம்பர் 25 என்று எழுதி நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய பதிவு ரோமில் 354ல் தொகுத்த ஒரு ஆண்டேட்டில் இருக்கிறது. அர்மேனிய சபை இன்றைக்கும் ஜனவரி 6ல்தான் கொண்டாடுகிறது. நட்சத்திரத்தைப் பார்த்துப் பிள்ளையைத் தேடி வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்றுகூட வேதத்தில் இல்லை, காணிக்கைதான் மூன்று.

தேதி தெரியாததால் எதுவும் குறைந்துவிடவில்லை. நம் ஊரில் எத்தனையோ பாட்டிமாருக்குப் பிறந்த தேதி தெரியாது, ஏதோ ஒரு நாளை வைத்துப் பேரப்பிள்ளைகள் கூடிக் கொண்டாடுகிறோம். பாட்டி பிறந்தது நிஜம், அது போதும்.

விசுவாசம்னா நல்லதே நடக்கும்னு நம்புறதுதானே?

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதுதான் விசுவாசம் என்றால் மரியாளுடைய விசுவாசம் முதல் வருஷத்திலேயே தோற்றுப்போயிருக்கும். தாவீதின் சிங்காசனம் உன் பிள்ளைக்கு என்று தூதன் சொன்னான். முன்னணையைப் பற்றிச் சொல்லவில்லை, ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்கு ஓட வேண்டும் என்று சொல்லவில்லை, சிலுவையைச் சொல்லவே இல்லை. பிள்ளையை ஆலயத்துக்குக் கொண்டுபோனபோது சிமியோன் என்கிற பெரியவர் கையில் வாங்கி ஆசீர்வதித்துவிட்டுத் தாயைப் பார்த்து, 'உன் ஆத்துமாவையும் ஒரு பட்டயம் உருவிப்போகும்' என்கிறார். பிள்ளை பார்க்க வந்தவர் சொல்கிற வார்த்தையா அது!

பஸ்ஸில் அம்மா மடியில் தூங்குகிற குழந்தைக்கு எந்த ஊருக்குப் போகிறோம் என்று தெரியாது, யாருடைய மடி என்று மட்டும் தெரியும். விசுவாசம் என்று நான் சொல்வது அந்த இரண்டாவது தெரிதலை. 'இதோ, நான் ஆண்டவருக்கு அடிமை, உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது' என்று மரியாள் சொன்னபோது அவளுக்கு வழி தெரியாது, கூப்பிட்டவரைத் தெரியும்.

எல்லாம் தேவ சித்தம்னு சொல்றீங்க. அப்போ அது தலையெழுத்து மாதிரிதானே?

தலையெழுத்து நம்மிடம் எதையும் கேட்காது. எழுதியாயிற்று, நடக்கும், அவ்வளவுதான். லூக்கா முதல் அதிகாரத்தை மெதுவாக வாசித்துப் பாருங்கள். தூதன் சொல்கிறான், மரியாள் கலங்குகிறாள், கேள்வி கேட்கிறாள், தூதன் நின்று பதில் சொல்கிறான், அவள் 'ஆகக்கடவது' என்று சொன்ன பிறகுதான் அங்கிருந்து போகிறான். நாசரேத்து என்கிற சின்ன ஊரில் ஒரு ஏழைப் பெண்ணின் சம்மதத்துக்காகப் பரலோகம் காத்துக்கொண்டிருந்தது. விதி என்ற சொல்லுக்குள் இந்தக் காட்சியை அடைக்க என்னால் முடியவில்லை.

ஆனால் சம்மதம் கேட்கப்படாதவர்களும் இந்தக் கதையில் இருக்கிறார்கள். ரோமச் சக்கரவர்த்தி அகுஸ்துராயன் குடிமதிப்பு எழுதக் கட்டளை போட்டது தன் ராஜ்யத்துக்காக. அந்தக் கட்டளையால்தான் நிறைமாதக் கர்ப்பிணி நூறு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணப்பட்டு, ரட்சகர் பிறக்கும் ஊர் என்று மீகா தீர்க்கதரிசி சொன்ன பெத்லகேமுக்கு வந்து சேர்ந்தாள். ராயனுக்குக் கடைசிவரை இது தெரியாது. அதற்காக அந்தக் கட்டளை நல்ல கட்டளை ஆகிவிடுமா? அந்தக் குடும்பத்துக்கு அது வெறும் கஷ்டம். ஆதியாகமத்தில் யோசேப்பு தன்னை விற்றுப்போட்ட அண்ணன்மாரிடம் பேசுவதைக் கவனியுங்கள்: நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்கிறான். தீமையைத் தீமை என்றே சொல்கிறான், அதற்கு வேறு பெயர் வைக்கவில்லை. இந்த இடத்தை நினைவில் வையுங்கள், ஏரோது ராஜாவைப் பற்றிய கேள்வியில் மறுபடியும் இங்கே வருவேன்.

மரியாளும் கேள்வி கேட்டா, சகரியாவும் கேள்வி கேட்டார். அவருக்கு மட்டும் ஏன் வாய் அடைச்சுப் போச்சு?

நல்ல கேள்வி, ஒன்பதாம் வகுப்புப் பையன் கேட்டது. மரியாள், 'இது எப்படியாகும்?' என்று கேட்டாள், அதாவது நடக்கும் என்று எடுத்துக்கொண்டு வழியைக் கேட்கிறாள். எலிசபெத்தின் கணவர் சகரியா, முதிர்வயதில் உங்களுக்குப் பிள்ளை பிறக்கும் என்று தூதன் சொன்னபோது, 'இதை நான் எதினால் அறிவேன்' என்று கேட்டார், நடக்கும் என்பதற்கே அத்தாட்சி கேட்கிறார். அதிலும் அவர் ஆசாரியர், வருஷக்கணக்காக ஜெபம் பண்ணினவர், ஆலயத்துக்குள் தூப பீடத்துப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்கிறார்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாய் அடைத்ததே ஒழிய வாக்குப் பறிபோகவில்லை. பிள்ளை பிறந்தது, பெயர் எழுதுகிற பலகையில் 'இவன் பேர் யோவான்' என்று எழுதினார், நாவு திறந்தது, முதலில் வந்தது ஸ்தோத்திரம்.

யோசேப்புக்குக் கனவு வந்துச்சு, மேய்ப்பர்களுக்குத் தூதன் வந்தான். எனக்கு ஒண்ணும் வரலையே, நான் எப்படி ஆண்டவர் சித்தத்தைத் தெரிஞ்சுக்கிறது?

கல்யாணமா, வேலையா, வெளிநாடா என்று முடிவெடுக்க வேண்டிய வயசில் இருக்கிறவர்கள் எல்லாரும் இதைக் கேட்கிறார்கள். மரியாளின் கணவன் யோசேப்புக்கு வந்தது நாலு சொப்பனம். ஒவ்வொன்றிலும் ஒரு அடிதான். முதலில் மரியாளைச் சேர்த்துக்கொள். அப்புறம் எகிப்துக்கு ஓடு, நான் சொல்லும்வரை அங்கே இரு. எத்தனை நாள் என்று சொல்லவில்லை, வேலைக்கு என்ன வழி என்று சொல்லவில்லை. பிறகு, திரும்பிப் போ. கடைசியில் கலிலேயா. நாலையும் ஒரே நாளில் காட்டியிருந்தால் அவன் முதல் அடியே வைத்திருப்பானா என்று சில நேரம் யோசிப்பேன்.

முதல் சொப்பனம் வருவதற்கு முன்பே அவன் ஒரு முடிவு எடுத்திருந்தான் என்பதும் முக்கியம். கூடிவாழும் முன்பே கர்ப்பமான மரியாளை அவமானப்படுத்த மனதில்லாமல் ரகசியமாக விலக்கிவிட நினைத்தான் என்று மத்தேயு எழுதுகிறார். அது தவறான முடிவுதான், ஆனால் தன் கையில் இருந்த வெளிச்சத்தை வைத்துக்கொண்டு, இன்னொரு உயிரைக் காப்பாற்றுகிற விதமாக எடுத்த முடிவு. தேவன் அந்த இடத்தில் வந்து திருத்தினார். ஆகவே சத்தம் கேட்கவில்லை என்று அப்படியே உட்கார்ந்துவிடாதீர்கள், வேதம் தெளிவாகச் சொல்லியிருப்பதைச் செய்துகொண்டிருங்கள், யாரையும் நசுக்காத வழியாகப் பார்த்து ஒரு அடி வையுங்கள், மூத்தவர்களிடம் கேளுங்கள். சாஸ்திரிகள் வழி தவறி எருசலேம் அரண்மனைக்கே போய்விட்டார்கள், அவர்களுக்கும் நட்சத்திரம் மறுபடி தெரிந்தது.

கல்யாணமாகி பத்து வருஷமாச்சு, குழந்தைக்காக ஜெபிச்சுக்கிட்டே இருக்கோம். எலிசபெத்துக்குக் கொடுத்தவர் எங்களுக்கு ஏன் தரல?

இதைக் கேட்ட தங்கைக்கு நான் அன்று ஒன்றும் சொல்லவில்லை, கையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் தரவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இருப்பதாகச் சொல்கிறவர்களைப் பார்த்துப் பயப்படுகிறேன்.

ஒரு பொய்யை மட்டும் அடித்துச் சொல்லிவிடலாம். குறை இருக்கிறது, பாவம் இருக்கிறது, சாபம் இருக்கிறது என்று யாராவது வந்தால் லூக்கா ஒன்றாம் அதிகாரம் ஆறாம், ஏழாம் வசனங்களை வாசித்துக் காட்டுங்கள். சகரியாவும் எலிசபெத்தும் தேவனுக்கு முன்பாக நீதியுள்ளவர்கள், குற்றமற்றவர்கள் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அவர்களுக்குப் பிள்ளையில்லை என்று லூக்கா எழுதுகிறார். ஊர் பேசிய பேச்சு எலிசபெத்தை எவ்வளவு வதைத்தது என்பது, ஜனங்களுக்குள்ளே எனக்கு இருந்த நிந்தை என்று அவளே சொல்வதில் தெரிகிறது. நிந்தித்தது ஜனங்கள்.

இன்னொருத்தியையும் பாருங்கள். அடுத்த அதிகாரத்தில் அன்னாள் வருகிறாள். ஏழு வருஷம் புருஷனோடு வாழ்ந்து விதவையானவள், எண்பத்துநாலு வயசு என்று சொல்லியிருக்கிறது, பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவளுக்கு அற்புதப் பிரசவம் நடக்கவில்லை. ஆனாலும் அந்த ஆலயத்தில் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் குழந்தையை அடையாளம் கண்டுகொண்ட இரண்டே பேரில் அவள் ஒருத்தி, ஊரெல்லாம் அவரைப் பற்றிப் பேசினவள். எலிசபெத்தின் கதையை மட்டும் மேடையில் சாட்சியாகச் சொல்லிச் சொல்லி அன்னாள்களை நாம் காயப்படுத்தியிருக்கிறோம். இதை நம் சபைகள் ஒத்துக்கொள்ள வேண்டும்.

புது வருஷ ஆராதனையில எனக்கு எரேமியா 29:11 வாக்குத்தத்த அட்டை வந்துச்சு. அந்த வருஷம்தான் வேலை போச்சு. அப்போ அந்த வசனம் பொய்யா?

'நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார். அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' எத்தனை வீட்டுச் சுவரில் இது தொங்குகிறது! வசனம் பொய் இல்லை. அட்டையில் அதற்கு முந்தின வசனத்தை அச்சடிக்க இடமில்லை, அதுதான் பிரச்சினை.

அது ஒரு கடிதம். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் பிடித்துக்கொண்டுபோன ஜனங்களுக்கு, பாபிலோனுக்கு, எரேமியா தீர்க்கதரிசி எழுதினது. திரும்பி வர எழுபது வருஷம் ஆகும் என்கிறது பத்தாம் வசனம். கடிதத்தை வாசித்துக் கேட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பி ஊரைப் பார்க்கப் போவதில்லை. அதே நேரத்தில் அனனியா என்கிற ஒருவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் நின்று சொன்னான். கேட்க அது இனிமையாகத்தான் இருந்திருக்கும். கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்று எரேமியா முகத்துக்கு நேராகச் சொன்னார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்பதுதான் உண்மையான கடிதத்தில் இருந்தது.

உங்கள் வேலை போனது கஷ்டம்தான், அதை வசனத்தால் மூட வேண்டாம். அட்டையைக் கிழித்தும் போட வேண்டாம். ஒரு வருஷத்துக்கு என்று நாம் நினைத்துக்கொண்டதைக் கர்த்தர் ஒரு வருஷத்துக்கு என்று சொல்லவில்லை.

எங்க வீட்ல இந்த வருஷம் ஒரு இறப்பு. ஸ்டார் போடலாமா, பலகாரம் செய்யலாமா?

வேதத்தில் தடையும் இல்லை, கட்டாயமும் இல்லை. முதல் வருஷம் பண்டிகை வைக்கக்கூடாது என்பது நம் ஊர் வழக்கம். அந்த வழக்கத்துக்குள் இறந்தவரை மதிக்கிற அன்பு இருக்கிறது, அதை மூடநம்பிக்கை என்று யாரும் திட்ட வேண்டாம். என் அப்பா டிசம்பர் மாதத்தில்தான் இறந்தார். அந்த வருஷம் எங்கள் வீட்டில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. ஆனால் அம்மா பரணிலிருந்து பழைய ஸ்டாரை இறக்கச் சொல்லி, பல்பு மாற்றி, வாசலில் தொங்கவிடச் சொன்னார். 'இருட்டுல இருக்கிறவங்களுக்குத்தானே வெளிச்சம் வந்துச்சுன்னு வாசிக்கிறோம்' என்றார்.

உங்களால் முடிந்தால் போடுங்கள். முடியாவிட்டால் பக்கத்து வீட்டு ஸ்டார் உங்களுக்கும் சேர்த்துத்தான் எரிகிறது. சொந்தக்காரர் பேச்சுக்காக மட்டும் எதையும் செய்யாதீர்கள், எதையும் விட்டுவிடவும் வேண்டாம்.

இயேசு தப்பிச்சுட்டார், சரி. பெத்லகேம்ல மத்த குழந்தைங்கள ஏரோது கொன்னானே, அவங்க தேவ திட்டத்துல எதுக்கு?

கிறிஸ்மஸ் நாடகத்தில் நாம் பெரும்பாலும் இந்தக் காட்சியைப் போடுவதில்லை. மத்தேயு விடவில்லை. இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண்பிள்ளைகள். இதே ஏரோது தன் சொந்த மகன்களையே கொன்றவன் என்பது வரலாறு. பெத்லகேமின் பிள்ளைகளை டிசம்பர் 28ல் நினைக்கிற வழக்கம் மேற்கத்திய சபைகளில் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது, நம் கத்தோலிக்கச் சகோதரர்கள் மாசில்லாக் குழந்தைகள் திருநாள் என்று சொல்வார்கள். பண்டிகை முடிந்து மூன்றே நாளில்.

மத்தேயு வார்த்தைகளைப் பார்த்துப் போடுகிறவர். கன்னிகை பிறப்பைச் சொல்லும்போது, உரைக்கப்பட்டது 'நிறைவேறும்படி' இதெல்லாம் நடந்தது என்று எழுதுகிறார். எகிப்துக்குப் போனதற்கும் 'நிறைவேறும்படி'. பிள்ளைகளைக் கொன்ற இடத்தில் மட்டும் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, 'அப்பொழுது நிறைவேறிற்று' என்கிறார். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் வெள்ளிக்காசைப் பற்றி எழுதும்போதும் இதே 'அப்பொழுது' வருகிறது. தேவன் இதற்காகவே இதைச் செய்தார் என்று எழுத அவருடைய கை போகவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. கொன்றது ஏரோது. மூன்றாம் கேள்வியில் சொன்னேனே, தீமைக்குத் தீமை என்றே பெயர்.

அங்கே அவர் எடுத்துப் போடுகிற வசனமும் ஆறுதல் வசனம் இல்லை. 'ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது, அவைகள் இல்லாதபடியால் ஆறுதலடையாதிருக்கிறாள்.' இதுவும் எரேமியாதான், அட்டையில் வருகிற அந்த வசனத்துக்கு இரண்டு அதிகாரம் தள்ளி. தாய்மாரை அழாதே என்று சொல்லாமல், அவர்கள் அழுகையை வேதத்துக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டார். முப்பது வருஷத்துக்கு அப்புறம் ஏரோதின் மகன் ஒருவனும் ரோம அதிகாரியும் பார்த்துக்கொண்டிருக்க, தப்பித்த அந்தப் பிள்ளையும் கொல்லப்பட்டார். அவர் தப்பித்ததாக நாம் சொல்வது பாதிக் கதை.

அப்போ சுனாமி? அது எந்த ஏரோது பண்ணினது? பண்டிகைக்கு மறுநாள் ஏன்?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை முடிந்து வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தோம், கடற்கரைப் பக்கமிருந்து வண்டிகள் ஆஸ்பத்திரியைப் பார்த்துப் பறந்தன. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று ஊர்ப்பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. மணக்குடிப் பாலத்தையே கடல் பெயர்த்துப் போட்டிருந்தது. வேளாங்கண்ணிக்குப் பண்டிகைக்காகப் போன யாத்திரிகர்கள் கரையில் நின்றிருந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். கடலுக்கு அந்தப் பக்கம் மட்டக்களப்பு, முல்லைத்தீவு. முந்தின நாள் புதுச்சட்டை போட்ட பிள்ளைகள்.

தண்டனை என்று அந்த வாரமே சிலர் பேசினார்கள். இயேசுவின் காலத்தில் சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, அப்படியல்ல என்று அவரே சொன்னார். அவர் சொன்ன பிறகு வேறு மாதிரி சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஏன் என்று கேட்டால் எலிசபெத் கேள்வியில் சொன்னதுதான், பதில் இல்லை. பார்த்ததை மட்டும் சொல்கிறேன். மொத்தமாகப் புதைத்த இடங்களில் ஒவ்வொரு டிசம்பர் 26லும் அந்தத் தாய்மார் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அதே வீடுகளில் அதற்கு இரண்டு நாள் முன்பு குடில் கட்டியிருக்கிறார்கள், வைக்கோல் பரப்பி, பாலகனை வைத்து. இரண்டும் ஒரே கை.

துக்க வீட்டுக்குப் போனா 'சகலமும் நன்மைக்கு'னு சொல்லலாமா?

முதலில் வசனத்தைச் சரியாகச் சொல்லுங்கள். ரோமர் 8:28 சகலமும் நன்மை என்று சொல்லவில்லை, தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு 'ஏதுவாக நடக்கிறது' என்கிறது. அதே அதிகாரத்தில் பெருமூச்சும் பசியும் நாசமோசமும் பட்டயமும் இருக்கின்றன. அது பாடுபடுகிறவர் தானாக ஒருநாள் தன் வாயால் சொல்ல வேண்டிய வசனம். நாம் போய் அவர் வாயில் திணிக்கக்கூடாது.

அதே நிருபத்தில் பன்னிரண்டாம் அதிகாரம், 'அழுகிறவர்களுடனே அழுங்கள்.' துக்க வீட்டுக்கு அதை எடுத்துக்கொண்டு போங்கள். கூடவே ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சி.

எனக்குச் சந்தேகம் வருது. சந்தேகப்பட்டா பாவமா?

எலிசபெத்தின் பிள்ளை, தாய் வயிற்றிலேயே களிப்பாய்த் துள்ளின யோவான், கடைசியில் சிறையில் இருந்துகொண்டு ஆள் அனுப்பிக் கேட்டார்: 'வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா?' இயேசு கோபப்படவில்லை. குருடர் பார்வையடைகிறார்கள், தரித்திரருக்குச் சுவிசேஷம் பிரசங்கிக்கப்படுகிறது, போய்ச் சொல்லுங்கள் என்றார். வந்தவர்கள் திரும்பிப் போனதும் ஜனங்களிடம் யோவானைப் பற்றிப் பெருமையாகப் பேசினார். சிறைக்கதவு திறக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

சந்தேகத்தை யாரிடம் கொண்டுபோகிறோம் என்பதுதான் விஷயம். யோவான் அவரிடமே அனுப்பினார். 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று கதறின தகப்பனுடைய பிள்ளையும் சுகமானது, அந்த அரைகுறை ஜெபத்துக்கே.

இந்த வருஷம் பாட வாய் வரல டீச்சர். சும்மா பேருக்கு வந்து உக்காரணுமா?

மரியாள் பாடின பாட்டு பிள்ளை பிறந்த ராத்திரியில் பாடினது இல்லை, அதற்கு மாதக்கணக்கில் முன்பு, எலிசபெத் வீட்டில் பாடினது. பிறந்த ராத்திரியில் பாடினது தூதர்கள், ஓடி ஓடிச் சொன்னது மேய்ப்பர்கள். மரியாளைப் பற்றி லூக்கா எழுதுவது, 'மரியாளோ அந்தச் சங்கதிகளையெல்லாம் தன் இருதயத்திலே வைத்து, சிந்தனைபண்ணினாள்' என்பதுதான். அவள் பேசாமல் இருந்தாள், மற்றவர்கள் பாடினார்கள்.

எங்கள் சபையில் அதிகாலை ஆராதனை நாலரைக்கு. கடைசி வரிசையில் கதவோரம் இரண்டு நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும். பாட வேண்டாம், எழுந்து நிற்கவும் வேண்டாம். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.